தொப்பிக்குள் இறந்தவன் குரல்

"வளைச்சுப் போடு... கீழே... வெளிப்பக்கம்."

ஏசா ப்ரூவரின் தொப்பிக்குள் அந்தக் குரல் கேட்டது.

பந்தைப் பிடித்திருந்த விரல்கள் விறைத்துப் போயின.

அது அணியின் பழைய ஆட்டக்காரர் எம்மெட் ஸ்ட்ரௌட்டின் குரல்.

எம்மெட் செத்து மூன்று மாதம் ஆகிறது!

மேலே கண்ணாடி அறையில் இருந்த டெல்ஃபீன் ரஸ்க்குக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. கென்டக்கி மாநிலத்து லூயிவில் பேஸ்பால் அணிக்கு ஆட்டக்காரர்களை வாங்கி விற்று நடத்துகிற தலைமை மேலாளர் அவள். அவள் பார்த்தது வேறு இரண்டு காட்சிகளை.

பல வாரங்களாக நேராக ஒரு பந்து போட முடியாமல் தவித்த ஏசா, திடீரென்று நிமிர்ந்தான். வீசினான். மட்டைக்காரன் காற்றை அடித்தான்.

அடுத்த பந்தில், ஏசாவுக்குப் பின்னால் நின்ற ராய்ஸ் ஹாட்லியின் கால்களுக்கு நடுவே பந்து உருண்டு ஓடியது. குழந்தைகூடப் பிடிக்கிற பந்து! நாட்டிலேயே சிறந்த கை என்று பெயர் வாங்கியவர் ராய்ஸ்.

ஒரே நேரத்தில் ஒருத்தன் எழுந்தான்... ஒருத்தர் விழுந்தார்.

ஏன்?

ஆட்டம் முடிந்ததும் ஏசா அவளிடம் வந்து அழுதான். எம்மெட் அண்ணன் தொப்பிக்குள் பேசுகிறார் என்றான். பயமாக இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, அவர் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது என்றான். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். விஷயம் முதலாளி கிரௌடரின் காதுக்குப் போனது.

இன்று கடைசி நாள்.

மாலை ஆறு மணிக்குமேல் எந்த அணியும் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள முடியாது. மதியமே கிரௌடர் போனில் வந்துவிட்டார்.

"அந்தப் பையனுக்கு மூளை கலங்கிடுச்சு டெல்ஃபீன். செய்தி வெளிய போறதுக்குள்ள வித்துத் தள்ளு. நாஷ்வில்காரன் அவனை எடுத்துக்கிட்டு நல்ல அனுபவசாலி ஒருத்தனைத் தர்றேங்கறான்."

"அவன் நம்ம நாளைய அணி சார்."

"நாளைக்கு இந்த ஊர்ல அணி இருந்தாத்தானே?"

அதுதான் அவள் கழுத்தில் தொங்கிய கத்தி. வயதானவர்களை விற்று இளசுகளை வாங்கு, அணியைப் புதிதாகக் கட்டு, ஆனால் இந்த வருஷமும் தோற்காதே என்பது கிரௌடரின் கட்டளை. தோற்றால் அணியை வேறு ஊர்க்காரர்களிடம் கொடுத்துவிடுவார். லூயிவில்லுக்கு வெறும் மைதானம் மட்டும் மிஞ்சும்.

நாஷ்வில் இரண்டு வழி வைத்திருந்தது. ஏசாவைக் கொடுத்தால் ஓர் அனுபவசாலி. ராய்ஸைக் கொடுத்தால் இரண்டு இளம் ஆட்டக்காரர்கள். ஏசா போனால் அணிக்கு நாளை இல்லை. ராய்ஸ் போனால், இந்தப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்க ஒருவரும் இல்லை.

வசந்தத்தில் அவளே சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. பழைய ஆட்களில் ஒருத்தர் மட்டும் தூணாக நிற்கட்டும், மற்றவர்களை விற்றுவிடலாம் என்றாள். எம்மெட்டா, ராய்ஸா என்று எல்லாரும் கிசுகிசுத்தார்கள்.

அந்த வாரமே எம்மெட் ஒஹையோ நதியில் பிணமாக மிதந்தார். தனியாக மீன் பிடிக்கப் போனார், படகிலிருந்து வழுக்கி விழுந்தார் என்று போலீஸ் முடித்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் கோயிலில் அவருக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள் டெல்ஃபீன். நதியைக் கடக்கும் பாலத்தில் காரை ஓட்ட முடியவில்லை. சுற்றிக்கொண்டு போகிறாள்.

இப்போது அந்தக் குரல்!

அவள் ஆனிபலைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

எம்மெட்டின் இடத்துக்கு வந்திருக்கும் புதுப் பையன் ஆனிபல். டொமினிக்கன் குடியரசுக்காரன். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, எந்தப் பந்து போட வேண்டும் என்று முழங்காலில் கட்டிய பட்டன் பலகையில் அழுத்துவது அவன் வேலை. அழுத்தினால் வீசுபவனின் தொப்பிக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் பேசும்.

உள்ளே வந்தவன் உட்காரவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"என்னை ஊருக்கு அனுப்பிடாதீங்க மேடம். நான் செலக்ட் ஆனதுக்கு எங்கம்மா ஆடு அடிச்சு தெருவுக்கே விருந்து போட்டாங்க. திரும்பிப் போனா என்னை அடிச்சு விருந்து வெச்சுடுவாங்க."

"உக்காருப்பா. உன்னை யாரும் அனுப்பல. அந்தக் குரல் எங்கிருந்து வருது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெல்லச் சொன்னான்.

எம்மெட் போன வருஷம் பதிவு செய்த குரலை யாரும் அழிக்கவில்லை. பலகையின் ஒரு மூலையில் அது அப்படியே கிடந்தது. ஏசாவோ ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் கழிவறையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். ஆனிபலுக்கு மனசு தாங்கவில்லை. தன் குரலை எடுத்துவிட்டு எம்மெட்டின் குரலை வைத்தான். அவ்வளவுதான்!

பேயும் இல்லை. பிசாசும் இல்லை.

ஒரு பையனின் இரக்கம்.

"ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

"அவன் சிரிச்சான் மேடம். இத்தனை நாள் கழிச்சு சிரிச்சான். சொன்னா அந்தச் சிரிப்பு போயிடுமேன்னு..."

டெல்ஃபீனின் கண் கலங்கியது. அப்போதுதான் அந்த இன்னொரு காட்சி நினைவுக்கு வந்தது. கால்களுக்கு நடுவே உருண்ட பந்து!

அந்த ஸ்பீக்கர் வேறு யார் தொப்பியில் இருக்கிறது என்று கேட்டாள். உள் களத்தில் இரண்டு பேர், வெளிக் களத்தில் ஒருவர் என்றான். அந்த இரண்டு பேரில் ஒருவர் ராய்ஸ். மற்றவர்கள் ஆட்டம் முடிந்ததும் அவனை மொய்த்துக்கொண்டார்களாம். ஒருத்தன் சிலுவை போட்டுக்கொண்டானாம். யார் குரல், எப்படி வந்தது என்று துளைத்து எடுத்தார்களாம்.

"ராய்ஸ்?"

"அவர் ஒண்ணுமே கேக்கல மேடம். சூடாகுதுன்னு சொல்லி ஸ்பீக்கரைக் கழட்டச் சொன்னார். ஸ்பேர் இல்லன்னேன். கெஞ்சினார் மேடம். அவ்வளவு பெரிய ஆளு... என்கிட்ட கெஞ்சினார்."

டெல்ஃபீன் பட்டன் பலகையை வாங்கிக்கொண்டு ஆனிபலை அனுப்பினாள்.

இறந்த நண்பனின் குரல் கேட்கிறது. ஒரு மனிதன் ஏன் என்று கேட்க மாட்டானா?

அவள் போலீஸுக்குப் போன் செய்தாள். வந்த இன்ஸ்பெக்டரைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தாள். கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தாள். மனதுக்குள் ஒரு ஜெபம் சொன்னாள். நான் நினைப்பது பொய்யாக இருக்கட்டும் ஆண்டவரே...

ராய்ஸ் சீருடையோடு வந்தார். சூரியகாந்தி விதைகளை மென்றபடி நாற்காலியில் சாய்ந்தார்.

"என்ன மேடம், என் தலைக்கு என்ன விலை வந்திருக்கு? நல்ல விலைன்னா சொல்லுங்க, நானே என்னை வித்துக்கறேன்."

அவள் மேஜை மேல் ஒரு தொப்பியை வைத்தாள். பட்டன் பலகையில் விரலை அழுத்தினாள்.

"வேகமாப் போடு... உள்பக்கம்..."

மெல்லுவது நின்றது.

மறுபடி அழுத்தினாள்.

"மேலே... இன்னும் மேலே..."

"நிறுத்துங்க."

"வெறும் பதிவு ராய்ஸ். எம்மெட் உங்க சிநேகிதர்தானே?"

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல..." ராய்ஸ் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். உதட்டோரம் விதைத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. "தண்ணிக்குள்ள இருந்தும் இதே குரல்லதான் கூப்பிட்டான். கையைக் குடு ராய்ஸ், கையைக் குடுன்னு..."



"நீங்க அந்தப் படகுல இருந்தீங்களா?"

"அவன்தான் கூப்பிட்டான். ஒரு விஷயம் பேசணும், வான்னு. நீ இருக்கப்போறதில்லன்னு சொல்லத்தான் கூப்பிடறான்னு தெரிஞ்சுபோச்சு. ஒரே ஒரு தள்ளு. கோபத்துல... நான் கொல்லல மேடம். கை குடுக்கல. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

அவர் தேம்பினார். மனைவி செத்த பிறகு மகள் நோரா இரண்டு வருஷமாகப் பேசவில்லை. இந்த ஊருக்கு வந்துதான் பேச ஆரம்பித்தாள். இன்னொரு ஊருக்குப் போனால் மறுபடி ஊமையாகிவிடுவாள் என்று பயந்தாராம்.

டெல்ஃபீன் யோசித்தாள். சொல்லலாமா, வேண்டாமா? சொல்லாமல் விடுவதும் பாவம்.

"அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் எம்மெட் இங்க வந்தார் ராய்ஸ். இதே நாற்காலி. என்னை வித்துடுங்க, ராய்ஸை வெச்சுக்குங்க, அந்தப் பொண்ணு இப்பதான் சிரிக்குதுன்னார். நான் சரின்னேன். நல்ல சேதி, நானே அவன்கிட்ட சொல்றேன், நீங்க சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டார்."

ராய்ஸ் காதிலிருந்து கைகளை எடுத்தார்.

"அதைச் சொல்லத்தான் உங்களைப் படகுக்குக் கூப்பிட்டிருக்கார்."

தனக்காகத் தன் இடத்தையே விட்டுக் கொடுத்தவனை... அந்த இடத்துக்காகத் தண்ணீரில் விட்டிருக்கிறார்!

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். விலங்கை எடுத்தார்.

சீருடையோடு வேண்டாம், மாற்றுச் சட்டை போட்டுக்கொள்ளட்டும், பின்வாசல் வழியாகக் கூட்டிப்போங்கள், கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது என்று கேட்டுக்கொண்டாள் டெல்ஃபீன். அவர் தலையசைத்தார்.

வாசலில் ராய்ஸ் நின்றார். திரும்பவில்லை.

"நோரா..."

"நான் போய் கூட்டிட்டு வரேன். என் வீட்லயே இருக்கட்டும்."

அவர்கள் போன பிறகும் அறையில் யாரோ இருப்பது போலிருந்தது. பலகையைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. ஆனிபலைக் கூப்பிட்டு அதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஏசாவிடம் உண்மையைச் சொல்லிவிடு, குரல் வேண்டுமா வேண்டாமா என்று அவனே முடிவு செய்யட்டும் என்றாள்.

கிரௌடருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"ஏசாவை விக்கல சார்."

"அப்ப யாரை நம்பித்தான் அணியைக் கட்டப்போற? ஒரு தூண்கூட இல்லையே."

"இருக்கு சார். பக்கத்துல ஒருத்தன் வாந்தி எடுக்கறதைப் பாத்துட்டு, அவனுக்காகத் தன் குரலையே எடுத்து வெச்சவன் ஒருத்தன் நம்மகிட்ட இருக்கான். அவனை நம்பிக் கட்டறேன். இந்த வருஷம் முடியற வரைக்கும் டைம் குடுங்க."

முதலாளி முனகினார். பிறகு, அணி செப்டம்பர் வரை போட்டியில் இருந்தால் யாருக்கும் விற்க மாட்டேன் என்றார். அது போதும்.

வைத்த மறுவிநாடி போன் அலறியது. நாஷ்வில் தலைமை மேலாளர். மூச்சிரைத்தார்.

"ஆறு மணி ஆகப் போவுது மேடம். பையன் இல்லன்னா பரவாயில்ல, ராய்ஸைக் குடுங்க. என்ன கேட்டாலும் தர்றேன்."

டெல்ஃபீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் லேட் சார். கென்டக்கி அரசாங்கம் முந்திக்கிச்சு. ரொம்ப நீளமான ஒப்பந்தம்... சாப்பாடு, தங்கற இடம், யூனிஃபார்ம் எல்லாம் அவங்க செலவு!"