செவ்வாய் வரை குற்றவாளி!

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி.

டெலிபோன் அலறியது.

நீதிபதியின் செயலாளர் பெண் எடுத்தாள். கேட்டாள். கையிலிருந்த காப்பியை மேசையில் வைத்துவிட்டு, எதிரே நின்ற கோர்ட் கான்ஸ்டபிளைப் பார்த்தாள்.

"ஏழாம் நம்பர் ஜூரியின் வீட்டில்... ஒரு சாவு."

கான்ஸ்டபிள் உச்சுக்கொட்டினான். அந்த மனுஷனிடம் போய்ச் சொல்லவும் முடியாது. தீர்ப்பு முடிவாகும்வரை பன்னிரண்டு ஜூரிகளும் ஒரு டவுன்டவுன் ஓட்டலில் அடைபட்டிருக்கிறார்கள். நான்கு இரவுகள் ஆகிவிட்டன. செல்போன் இல்லை. டிவி இல்லை. பேப்பர் இல்லை. வாசலில் காவல். நீதிபதி வந்துதான் வாய் திறக்க வேண்டும்.

"பாவம்," என்றான் கான்ஸ்டபிள்.

பாவமா...?

அந்த ஏழாம் நம்பர், அதே நிமிடம், ஓட்டலில் இரண்டாவது குரோசான் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். கடிகாரத்தைப் பார்த்தபடி!

பெயர், பேரின்பநாதன்.

* * *

கடிதம் வந்தது ஆகஸ்டில்.

செயின்ட்-மிஷேல் பகுதியிலிருந்த அவன் வீட்டின் தபால்பெட்டியில், நீதிமன்ற முத்திரையோடு கிடந்தது. பேரின்பநாதனுக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருடம். கோர்ட் என்றால் அவனுக்குத் தெரிந்தது அகதி விசாரணை ஒன்றுதான்.

மனைவி கௌரி கடிதத்தை வாங்கி வாசித்தாள்.

"உங்களைப் பிடிக்கேல்லை. ஆரையோ பிடிச்சு வச்சிருக்கினம். நீங்கள் போய் நியாயம் சொல்ல வேணுமாம்," என்றாள்.

அவன் வேலை செய்த ரெஸ்ட்டோரண்ட் கிச்சனில் றொசான் என்று ஒருவன். ஜூரியிலிருந்து கழன்றுகொள்ளும் வழிகளை விரல் விட்டு எண்ணிச் சொன்னான். காது மந்தம் என்று சொல்லலாம். முதுகுவலி என்று சொல்லலாம். எல்லாவற்றிலும் உத்தமம், இங்கிலீஷ் விளங்காது என்பது.

ஆள் எடுக்கும் நாளில் மண்டபம் நிறைய முன்னூறு பேர். ஆளுக்கொரு சாக்கு! ஒருத்திக்குக் குழந்தை. ஒருத்தருக்கு வியாபாரம். ஒரு பெரியவர் தன் பூனைக்கு இன்சுலின் போட ஆளில்லை என்று மருத்துவர் கடிதமே கொண்டுவந்திருந்தார்.

பேரின்பநாதனின் முறை வந்தது. தனக்கு இங்கிலீஷ் சரிவராது, சட்டச் சொற்கள் விளங்காது, அதனால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அநியாயம் நேர்ந்துவிடும் என்று நீதிபதியிடம் எடுத்துச் சொன்னான். இங்கிலீஷில் சொன்னான். ஐந்து நிமிடம் சொன்னான்!

நீதிபதி அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார்.

"இங்கே வரும் வக்கீல்கள்கூட இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை. உட்காருங்கள்."

ஏழாம் நம்பர் நாற்காலி.

வழக்கு இதுதான். ஜெரோம் என்ற இருபத்தாறு வயது டாக்ஸி டிரைவர், பக்கத்து வீட்டுக்காரரைக் குத்திக் கொன்றுவிட்டானாம். ஐந்து வாரம் நடந்தது. பேரின்பநாதன் முதல் வாரம் முழுக்கச் சலித்துக்கொண்டான். இரண்டாம் வாரம் கொட்டாவி விட்டான்.

ஐந்தாம் வாரம் நீதிபதி ஒரு வார்த்தை சொன்னார். வரும் வெள்ளிக்கிழமை எல்லோரும் பெட்டியோடு வர வேண்டும். பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வரும்வரை வீட்டுக்குப் போக முடியாது. இரவும் பகலும் காவல்.

பேரின்பநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இரவும் பகலும்... காவல்...!

* * *

வீட்டின் பேஸ்மென்ட்டில் தனுஷா வாடகைக்கு இருந்தாள். முப்பத்து மூன்று வயது. கணவனை விட்டுப் பிரிந்து வந்தவள். ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை. மாடியில் எல்லோர் முன்னாலும் பேரின்பநாதனை 'அண்ணை' என்பாள். கீழே இறங்கினால் அந்த மரியாதை கிடையாது.

அவள்தான் கெடு வைத்தாள். லவாலில் இருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பொங்கலுக்குள் ஒரு முடிவு தெரியாவிட்டால் தலையாட்டிவிடுவாள்.

பேரின்பநாதன் கௌரியிடம் விவாகரத்துப் பேச்சை ஒரே ஒரு முறை எடுத்தான். அவள் கத்தவில்லை. அழவில்லை. "நான் செத்தாப் பிறகு செய்யுங்கோ," என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய்ந்தாள்.

அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவன் அதை யோசனையாக எடுத்துக்கொண்டான்!

கௌரி வருடாவருடம் கந்தசஷ்டி விரதம் பிடிப்பவள். ஆறு நாளும் தண்ணீர்தான். ஏழாம் நாள் விடியற்காலை முழுகி, சமைத்து, விரதம் முடிக்கும் பாரணை. அன்றைக்கென்று ஒரு சவ்வரிசிப் பாயாசம் வைப்பாள். அதற்கென்று நல்ல சர்க்கரையாக வாங்கி, தனிப் போத்தலில் போட்டு, சாமிப் படத்தடியில் வைத்திருப்பாள். பாரணை வரை அதை அவள் தொடமாட்டாள்.

பேரின்பநாதன் கணக்குப் போட்டுப் பார்த்தான். வெள்ளிக்கிழமை விரதத்தின் மூன்றாம் நாள். செவ்வாய் பாரணை.

வெள்ளிக்கிழமை காலை கௌரி முழுகிக்கொண்டிருந்தாள். பெட்டியும் கையுமாகப் புறப்பட்டவன், போத்தலைத் திறந்தான். ஒரு பொட்டலத்தைக் கொட்டினான். கரண்டிக் காம்பால் கலக்கினான். மூடினான்.

அது என்ன தூள், எங்கே வாங்கினான் என்று சொல்லமாட்டேன். உங்களில் யாருக்கு யார்மேல் கோபமோ, யார் கண்டது!

ஆறு நாள் பட்டினி கிடந்தவள் செத்தால், உடம்பு தாங்கவில்லை என்பார்கள். அப்படியும் எவனாவது மூக்கை நுழைத்தால்? கணவன் கோர்ட் காவலில். சுற்றிலும் பதினொரு சாட்சிகள்!

ஒரே ஒரு சிக்கல். செவ்வாய் வரை தீர்ப்பு வரக்கூடாது.

* * *

வெள்ளி மாலையே ஜூரி அறையில் முதல் வாக்கெடுப்பு நடந்தது.

பதினொரு சீட்டுகளில் 'குற்றவாளி அல்ல'.

ஒன்றில் 'குற்றவாளி'.

ஜூரிகளின் தலைவி மாக்கிரட், ஓய்வுபெற்ற ஸ்கூல் பஸ் டிரைவர். பொறுமைசாலி. கொலை நடந்த நேரத்தில் ஜெரோம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நின்றதை எல்லோரும் வீடியோவில் பார்த்தோமே என்று நினைவூட்டினாள்.

கேமராவின் கடிகாரம் பிழையாக இருக்கலாம் என்றான் பேரின்பநாதன்.

சனிக்கிழமை, தொப்பியின் நிறம் சரியில்லை என்றான். ஞாயிறு, மூன்று சாட்சிகளின் வாக்குமூலத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னான். திங்கட்கிழமை ஒரு இளம்பெண் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டாள். வீட்டில் அவளுக்கு எட்டு மாதக் குழந்தை. பேரின்பநாதன் அவளுக்கு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தான்!

கோர்ட் நடைபாதையில் தினமும் ஒரு தாய் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். ஜெரோமின் தாய். ஒவ்வொரு நாளும் அவள் முகம் சிறுத்துக்கொண்டே போனது. கடந்து போகும்போது மரியாதையாகத் தலையசைத்தான் பேரின்பநாதன். மகன் இன்னும் ஒரு இரவு ஜெயிலில் கிடந்தால் இவனுக்கு என்ன?

திங்கள் மாலை மாக்கிரட் அவனை ஜன்னலோரம் கூப்பிட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்கள். அந்தப் பையன் கொலை செய்தான் என்று நம்புகிறீர்களா?"

"மனச்சாட்சி, மேடம். அதை விற்றுவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறீர்களா?"

மாக்கிரட் வெட்கப்பட்டுப் போனாள். அதுதான் கொடுமை!

செவ்வாய் மதியம் மனச்சாட்சியை மாற்றிக்கொள்வது என்று அவன் ஏற்கெனவே முடிவு செய்திருந்தான்.

* * *

செவ்வாய். காலை பத்து மணி.

கான்ஸ்டபிள் கதவைத் தட்டினான். ஏழாம் நம்பரை மட்டும் அழைத்தான்.

நீதிபதியின் அறை. நீதிபதி அம்மையார் எழுந்து நின்றார். பக்கத்தில் சாம்பல் நிறக் கோட்டில் ஒரு பெண். போலீஸ் டிடெக்டிவ் அக்னெஸ் என்று அறிமுகம் செய்தார்கள்.

"உட்காருங்கள்," என்றார் நீதிபதி. "இன்று காலை உங்கள் வீட்டில் ஒரு மரணம் நடந்திருக்கிறது. மிகவும் வருந்துகிறேன்."

நான்கு இரவுகள் ஓட்டல் பாத்ரூம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த அழுகை. பிசிறில்லாமல் வந்தது!

"ஐயோ... கௌரி..." முகத்தை மூடிக்கொண்டான். "ஆறு நாள் பட்டினி, மேடம். வெறும் தண்ணீர். வெறும் வயிற்றில் பாயாசத்தைக் குடிக்காதே என்று எத்தனை முறை சொன்னேன். இதயம் தாங்கியிருக்காது..."

அக்னெஸ் ஒரு சின்ன நோட்டை எடுத்தாள்.

"பாயாசம் என்றால் என்ன?"

அழுதுகொண்டே விளக்கினான். பால். சவ்வரிசி. முந்திரி. சர்க்கரை. அந்தச் சர்க்கரையைக் கடையில் பழசாக விற்றிருப்பார்கள், அதில் ஏதாவது இருந்திருக்கும் என்று தானாகவே சேர்த்துக்கொண்டான்.

கள்ளனுக்கு எப்போதும் ஒரு வார்த்தை கூடுதலாகத்தான் வரும்.

அக்னெஸ் எழுதுவதை நிறுத்தினாள்.

"சர்க்கரையில்தான் விஷம் என்று எங்கள் லேப் சொல்லி இருபது நிமிடம்தான் ஆகிறது. நீங்கள் நான்கு நாளாக யாரோடும் பேசவில்லை. உங்களுக்கு யார் சொன்னது?"

பேரின்பநாதன் முகத்திலிருந்து கையை எடுத்தான்.

"இன்னொன்று. இறந்தது உங்கள் மனைவி என்று யார் சொன்னது?"

பக்கத்து அறையின் கதவு திறந்தது.

கௌரி நின்றாள்!

ஈரத் தலைமுடி இன்னும் காயவில்லை. நெற்றியில் திருநீறு. உயிரோடு!

"ஆர்..." பேரின்பநாதன் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தான். "அப்ப... ஆர் செத்தது?"

"பாரணைக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டு, முதல்ல அவைக்குச் சாப்பாடு போட்டுட்டுத்தான் நான் வாயில வைக்கிறனான்," என்றாள் கௌரி. "இருபது வருஷமா அப்பிடித்தான். உங்களுக்கு எங்க தெரியும்? நீங்கள் கிச்சன் வேலை முடிச்சு வந்து, அண்டைக்குப் பகல் பன்னிரண்டு மணி வரைக்கும் நித்திரை."

உண்மை. மூடி வைத்த தட்டைத்தான் அவன் வருடாவருடம் கண்டிருக்கிறான். அந்தத் தட்டுக்கு முன்னால் நடப்பதை ஒரு தடவையாவது கேட்டவனில்லை.

"மற்ற வருஷம் எல்லாம் கோயிலுக்கு வாற மனிசி ஒராள் வரும். இந்த முறை அவவுக்குக் காய்ச்சல். அதுதான் கீழ இருக்கிற பிள்ளையைக் கூப்பிட்டன்."

பேரின்பநாதன் நாற்காலியிலிருந்து சரிந்தான்.

"தனுஷா...!"

இந்த அழுகைக்கு ஒத்திகை கிடையாது. மூக்கால் ஒழுகியது. தரையில் கையை அடித்துக் குழறினான்.

"ரெண்டு கப் வாங்கிக் குடிச்சாள்," என்றாள் கௌரி. "இப்பிடி ஒரு பாயாசம் தான் குடிச்சதே இல்லையாம்."

சொல்லிவிட்டு அவனையே பார்த்தாள். மனைவி செத்தாள் என்று கேட்டபோது நாற்காலியில் உட்கார்ந்து அழுதவன், வாடகைக்கு இருந்தவளுக்காகத் தரையில் புரளுகிறான். கௌரிக்கு இதுவரை தெரியாத ஒன்று அந்த நிமிடம் தெரிந்துபோனது. அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஆனாலும் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை.

அக்னெஸ் கைவிலங்கை எடுத்தாள்.

அந்த விலங்கு கௌரிக்காகக் கொண்டுவந்தது! சமைத்தவள் கௌரி. பரிமாறியவள் கௌரி. தான் மட்டும் சாப்பிடாமல் இருந்தவளும் கௌரி. கணவனிடம் சம்பிரதாயத்துக்கு நான்கு கேள்வி கேட்டுவிட்டு அவளை உள்ளே தள்ளுவதாகத்தான் இருந்தது. பேரின்பநாதன் வெறுமனே அழுதுவிட்டுப் போயிருந்தால், கௌரி இந்நேரம் ஜெயிலுக்குப் போகும் வண்டியில் இருந்திருப்பாள்.

கிளிக்.

நீதிபதி ஏழாம் நம்பரை ஜூரியிலிருந்து நீக்கிக் கையெழுத்துப் போட்டார். மீதிப் பதினொரு பேரும் அறைக்குள் போனார்கள். ஏழு நிமிடத்தில் திரும்பி வந்தார்கள்.

குற்றவாளி அல்ல!

நடைபாதையில் ஜெரோமின் தாய் போட்ட சத்தம் இந்த அறைவரை கேட்டது.

கான்ஸ்டபிள் தயங்கித் தயங்கிக் கௌரியிடம் வந்தான். ஜூரிகளுக்கு வந்த மதியச் சாப்பாட்டில் ஒரு பொட்டலம் மிச்சம். ஏழாம் நம்பருடையது. ஆறு நாளாகச் சாப்பிடாத பெண் என்று கேள்விப்பட்டுக் கொண்டுவந்திருந்தான். சீஸ் சான்ட்விச்.

கௌரி வாங்கினாள். பிரித்தாள். இரண்டாகப் பிய்த்தாள்.

ஒரு பாதியைப் புருஷனின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

பேரின்பநாதன் அலறிக்கொண்டு சுவரோடு ஒட்டினான்.

"பயப்பிடாதேங்கோ," என்றாள் கௌரி. "இது அரசாங்கச் சாப்பாடு. இனி இருபத்தஞ்சு வருஷத்துக்கு இதைத்தானே தின்னப்போறியள்."