உரிமம் கேட்டு வந்தவன்

"இந்தப் பூட்டைத் திறக்க ஒரு ஹேர்பின் போதும், மேடம்!"

உரிம அலுவலகத்தில் அத்தனை பேர் முன்னால் அவன் அப்படிச் சொன்னதும், மனுக்களைப் பார்க்கும் அதிகாரியான அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே கொட்டும் மழை. தலையெல்லாம் ஈரம், கண்ணெல்லாம் குறும்பு... பாதுகாப்பு ஆலோசகர் உரிமத்துக்கு மனுப் போட வந்தவன், வந்த வேலையைப் பார்க்காமல் பதிவறைப் பூட்டை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தான்.

"உரிமம் இல்லாம ஆலோசனை சொல்றது குற்றம். தெரியுமில்ல?"

"ஓசியில சொன்னாகூடவா?"

"ஓசியில சொன்னாலும்தான்!"

உடனே வாயைப் பொத்திக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது... அதிகாரி சிரிக்கலாமா? அடக்கிக்கொண்டாள்.

முதலில் அனுபவச் சான்று கேட்டாள். கொண்டுவந்தான். பிறகு காவல்துறைச் சான்று. அப்புறம் காப்பீடு. எல்லாம் சட்டப்படிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் மேசையருகே இருந்த கொக்கியில்லாத ஜன்னலைப் பார்த்து, ஆலோசனை சொல்ல முடியாமல் அவன் தவிக்கிற தவிப்பு இருக்கிறதே... அதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"மொத்தத்தையும் ஒரே தடவையில சொல்லியிருக்கலாமேடி?" என்றாள் பக்கத்து மேசை அக்கா, அவன் காதில் விழும்படி.

அவன் முகம் வாடிப்போனது. "வேணும்னே அலைய விட்டீங்களா மேடம்? எனக்காக ஒரு ஆஸ்பத்திரியில பாதுகாப்பு ஆலோசகர் வேலை காத்துக்கிட்டிருக்கு. இது கிடைக்கலன்னா மறுபடியும் மாமா கிடங்குக்கே போகணும்."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பாழாய்ப்போன வீம்பு! அன்று இரவு அவள் தலையணை நனைந்தது.

நேர்காணல் நாள். அறைக்கு வெளியே அவனை நிறுத்தினாள்.

"உங்களை நான் கேள்வி கேட்க மாட்டேன். மேலதிகாரி கேட்பார்."

"அன்னிக்கு நான் அப்படிக் கேட்டதுல இன்னும் கோபமா?"

"இல்ல... தனக்கு வேண்டியவங்க மனுவை அதிகாரி பார்க்கக் கூடாது. அது விதி. நாளைக்கு யாராவது கிளறினா உங்க உரிமமே செல்லாமப் போயிடும். அதான் காரணத்தை எழுதிக் கொடுத்துட்டேன். ஆபீஸ் பூரா தெரிஞ்சுபோச்சு."

அவன் கண்கள் விரிந்தன. "நான்... உங்களுக்கு வேண்டியவனா?"

"அலைய விட்டது தப்புதான். மன்னிச்சிடுங்க. நீங்க வராத நாள் எனக்கு ஆபீஸே பிடிக்கல... உங்களை அவ்வளவு பிடிச்சிருக்கு. போதுமா?"

உள்ளேயிருந்து அவனை அழைத்தார்கள். அவன் அசையவில்லை.

"போங்க, கூப்பிடறாங்க!"

"கேள்விக்கெல்லாம் பதில் படிச்சிட்டு வந்தேன்... எல்லாம் மறந்துபோச்சு," என்றான். "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்குங்கறது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."