தட்டில் வளர்ந்த மாதுளை

மகளின் ஷூ பெரிதாகியிருந்தது.

மறுநாள் பள்ளி திறக்கிறது என்று ஷூக்காரர் அதைத் துடைத்து மெருகேற்றி, மகளை நாற்காலியில் உட்காரவைத்துக் காலில் மாட்டிப் பார்த்தார். குதிகாலுக்குப் பின்னால் அவருடைய சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. போன வருஷம் அவரே அளவெடுத்து, அவரே தோல் வெட்டி, அவரே தைத்த ஷூ. அன்றைக்குச் சிக்கென்று பொருந்தியது. ஷூ கடிக்கும், வாய் பிளக்கும், அடி தேயும். ஆனால் வளர்கிற பிள்ளையின் காலில் ஒரு வருஷம் கழித்துத் தொளதொளக்காது. இருபத்தைந்து வருஷமாக அடுத்தவர் பாதத்தை மடியில் வைத்து அளந்தவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"தோல் தளர்ந்திருக்கும்பா," என்றாள் மகள்.

"ஆமாடா, தோல்தான்."

இருந்தாலும் அவள் பாதத்தைத் தாளில் பதிக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டார். அவள் உள்ளே போனதும் போன வருஷத்துத் தாளைத் தேடியெடுத்தார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

புதுக்கோடு பழைய கோட்டுக்கு உள்ளே இருந்தது.

தாளைத் தாழ்த்தியபோது, ஜன்னல் மேடையில் இருந்த மாதுளை கண்ணில் பட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் நாற்றுப்பண்ணையில் வாங்கிய குள்ள மாதுளை. நாலு விரல் ஆழமுள்ள மண்தட்டில் ஒரு முழ உயரம்கூட இல்லாமல், ஆனால் நூறு வயது மரத்தின் தோரணையோடு நின்றது. அடிமரம் முறுக்கிக்கொண்டு, பட்டை வெடித்து, கிளைகளில் செம்புக்கம்பி சுற்றி. செந்தூரப் பூ பூத்து, எலுமிச்சை அளவுக்குக் காய்கூடக் காய்க்கும். பார்க்கிறவர்கள் எல்லாம், "எப்படி இதை இவ்வளவு சின்னதாவே வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். அவருக்குப் பெருமை பிடிபடாது. துளிரைக் கிள்ளணும், கிளையைக் கம்பியால கட்டணும், வருஷத்துக்கு ஒரு தடவை தட்டிலேர்ந்து எடுத்து வேரை வெட்டணும், அவ்வளவுதான் என்பார்.

கம்பி கட்டிய முதல் நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த நேரம். அன்று காலை மகள், "இனிமே பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வராதப்பா, எல்லாரும் சிரிக்கிறாங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் சாயங்காலம்வரை கம்பியைச் சுற்றினார். சுற்றியபடியே மரத்திடம் மெதுவாகச் சொன்னார்:

"வளராதடா கண்ணு. இப்படியே இருந்துடு."

மரத்திடம்தான் சொன்னோமா என்று அவருக்கே சந்தேகம்.

ஷூவை மாட்டிப் பார்த்த அன்றே மத்தியானம் அவருடைய தங்கை வந்தாள். ஏழெட்டு மாதம் கழித்து வருகிறவள். பையைக்கூடக் கீழே வைக்காமல் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னண்ணா, பிள்ளைக்குச் சாப்பாடு போடுறியா இல்லையா? என் சின்னவளுக்குப் பத்து வயசு. இவளுக்கு இளையவ, ஆனா இவளைவிட ஒரு பிடி உசரம்."

"சில பிள்ளைங்க மெதுவா வளரும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"மெதுவா வளர்றது வேற. இவ சட்டையைப் பாரு, நான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்துக் குடுத்தது. தோள் இறங்கித் தொங்குது."

மகள் சிரித்துக்கொண்டே மேல்தட்டில் இருந்த கண்ணாடித் தம்ளருக்காக எக்கினாள். சட்டைக்கை சரிந்து முழங்கைக்கு வந்தது. தங்கை அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, கொடி சுற்றிய மாதிரி ஒரு பள்ளம். காயமில்லை, சிவப்பில்லை. சதை அப்படியே அழுந்திப் பழகிப்போன தடம்.

"இது எப்பவும் இருக்கிறதுதான் அத்தை," என்றாள் மகள். "வலிக்காது. ராத்திரி மட்டும் கொஞ்சம் இறுக்கும்."

ஷூக்காரர் அந்தச் சுற்றுகளை எண்ணினார். ஒன்பது. மரத்தின் வலப்பக்கக் கிளையைப் போய்ப் பார்க்க அவருக்குக் கால் வரவில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை. சுற்றியவர் அவர்தானே.

மறுநாள் மகள் பள்ளிக்குப் போகவில்லை. உடம்பு அசதியாக இருக்கிறது என்று படுத்துவிட்டாள். வானம் காலையிலிருந்தே மூடிக்கொண்டு, பத்து மணிக்கே வீட்டுக்குள் விளக்குப் போடவேண்டியிருந்தது. ஷூக்காரர் சின்ன வெட்டுக்குறடை எடுத்துக்கொண்டு மரத்தின் முன்னால் நின்றார். கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி எடுத்தார். ஓரிடத்தில் பட்டை கம்பியை விழுங்கி அதன்மேல் வளர்ந்திருந்தது. குறடின் நுனியை உள்ளே விட்டுக் கிள்ளினார்.

"அப்பா!"

உள்ளறையிலிருந்து வந்த அலறலில் குறடு நழுவி விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கைக்குக் கீழே ஒரு பொட்டு ரத்தம்.

"ஒண்ணுமில்லடா. கனவு கண்டிருப்ப. படுத்துக்கோ."

மரத்தைப் பிடுங்கி எறிய முடியாது. எரிக்க முடியாது. தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே அவருக்குத் துணிவில்லை. மிச்சமிருந்தது ஒரே வழி. வாழவிட வேண்டியதுதான். வளரவிட வேண்டியதுதான். தட்டோடு தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். மகளின் அறைச் சுவரை ஒட்டி, முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, அடிமண்ணில் எருவைக் கொட்டி, சுருண்டுகிடந்த வேர்களை விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்து நட்டார்.

கடைசிப் பிடி மண்ணைப் போட்டபோது மழை பிடித்தது.

உள்ளே வந்தால், மகள் சமையலறையில் நின்று ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். "பசிக்குதுப்பா." அவர் முட்டை பொரித்துக் கொடுத்தார். தின்றாள். மறுபடி பொரித்தார். அதையும் தின்றாள். அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். தடம் மறைந்து, தோல் வழவழவென்று இருந்தது. கன்னத்தில் ரத்தம் ஓடியது. ஷூக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. தொளதொளப்புக்காக ஷூவுக்குள் திணித்துவைத்திருந்த பஞ்சை உருவி எறிந்துவிட்டு அவள் காலில் மாட்டினார். பெருவிரல் சரியாக நுனியில் இடித்தது.

"பிடிக்குதாடா?"

"இறுக்குதுப்பா," என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

தூக்கம் வருகிறது என்று அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஷூக்காரர் கூடத்தில் உட்கார்ந்து புது ஷூவுக்குத் தோலைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார். வெளியே மழை ஓட்டில் ஒரே சீராக இறங்கியது. நனைந்த மண்வாசனை, எருவின் வாடை, அதற்கு அடியில் பச்சை மரத்தைக் கீறினால் வருகிற துவர்ப்பு வாடை ஒன்று, எல்லாம் சேர்ந்து மகளின் அறைக்கதவின் இடுக்கு வழியாகக் கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தன. பின்கட்டில் இருக்கவேண்டிய வாடை அந்த அறைக்குள்ளிருந்து ஏன் வருகிறது என்று அவர் யோசித்தபோதுதான் சத்தம் கேட்டது.

சுள்ளி ஒடிகிற சத்தம்.

நின்றது. மறுபடி, ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல். பிறகு கட்டில் நகர்ந்தது. மரக்கால் தரையில் தேய்ந்தது. ஏதோ தைத்த தையல் பட்டென்று விட்டது.

"கண்ணு?"

கட்டில் முறிந்தது.

அவர் கதவைத் தள்ளினார். அசையவில்லை. தாழ் போடவில்லை, அந்தப் பக்கம் ஏதோ அணைத்துக்கொண்டு நின்றது. மெத்தென்று. வெதுவெதுப்பாக.

"அப்பா." மகளின் குரல்தான். அதே சின்னக் குரல். ஆனால் கதவின் நிலைக்கு மேலே, உத்தரத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தது. "அப்பா, குனிஞ்சாலும் இடம் பத்தலை."

ஓடினார். மழைக்குள். பின்கட்டுக்கு.

மாதுளை அவர் இடுப்பளவு நின்றது. இரு கையாலும் பிடித்து இழுத்தார். வரவில்லை. தோண்டினார். விரல் பட்ட இடமெல்லாம் வேர். சுவருக்கு அடியில் போயிருந்தது. வெட்டலாம். மண்வெட்டி பக்கத்தில் கிடந்தது. எடுத்தார். ஓங்கினார்.

உள்ளே அவள் விசும்பினாள்.

கை இறங்கவில்லை.

தலைக்கு மேலே கண்ணாடி நொறுங்கியது. கூரையை ஒட்டி இருந்த வெளிச்சத் துவாரத்தின் கண்ணாடி. அதன் வழியாக ஒரு கை வெளியே வந்தது. மெலிந்த கை. மணிக்கட்டு வந்தது. முழங்கை வந்தது. அப்புறமும் வந்தது. இன்னொரு முழங்கை இருக்கவேண்டிய தூரம் வந்தது. சுவரைத் தடவிக்கொண்டு, மழைநீரோடு, கீழே கீழே இறங்கியது. அவர் தோளை உரசியது. நிற்கவில்லை. அவரைத் தேடி வரவில்லை.

விரல்கள் ஈரமண்ணைத் தொட்டன. ஒரு நிமிஷம் அளைந்தன. பிறகு, ஒவ்வொரு விரலாக, நிதானமாக, உள்ளே இறங்கின.

விசும்பல் நின்றது.

"இப்போ நல்லாருக்குப்பா," என்றாள் மகள், கூரைக்குள்ளிருந்து.