டேப்பட் சத்தம்

வண்டி தெரு திரும்புவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. தகரக் கூரையை மழை போட்டு அடித்துக்கொண்டிருந்த மத்தியானம், பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. ஆனாலும் அது விழுந்தது. டிக், டிக், டிக், டிக். சின்னச் சத்தம், பொறுமையான சத்தம். ஸ்பானரைப் பிடித்திருந்த மெக்கானிக்கின் கை அப்படியே நின்றது. அந்த வண்டியிலிருந்து அந்தச் சத்தம் வருவதற்கு வழியே இல்லை. வழியை அடைத்ததே அவன்தான்.

அந்தப் பக்கத்தில் அவனுக்குக் காதுக்காரர் என்று பெயர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டால் போதும், உள்ளே எது நோவில் கத்துகிறது, எது சும்மா முனகுகிறது என்று பிரித்துச் சொல்லிவிடுவான். வண்டிக்காரர்கள் பெரிய டாக்டரின் முன்னால் நிற்பதைப் போல நிற்பார்கள். அந்த மரியாதை தலைக்கேறி, கொஞ்ச நாளில் போனிலேயே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தான். போனை பானெட்டுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு நோயின் பெயரைச் சொல்வான். ஒரு தடவை தவிர எல்லாத் தடவையும் சரியாகத்தான் சொன்னான்.

வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தது அண்ணி. அப்பாவின் பழைய கார் அது. உருண்டை விளக்கும் வளைந்த மட்கார்டுமாக, அவனைவிட வயதில் மூத்தது. அப்பா போகும்போது வண்டியை அண்ணனுக்குக் கொடுத்தார். ரிப்பேர் பார்க்கிற பாக்கியத்தை மட்டும் தம்பிக்கு விட்டுவைத்தார். கிளட்ச் எது பிரேக் எது என்று தடவித் தடவி ஓட்டுகிற அண்ணனுக்கு அந்த வண்டி. தம்பியின் வயிறு அன்றைக்கு எரிய ஆரம்பித்தது, அணையவே இல்லை.

போன வருஷம் இதே மழைக்காலத்தில் அண்ணன் போன் செய்தான். "டேய், டிக் டிக்னு ஒரு சத்தம் வருதுடா. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

போக மனமில்லை. போனிலேயே கேட்டான். "டேப்பட் சத்தம்தான். பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும். ஒண்ணும் ஆகாது, ஓட்டு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

டேப்பட் என்பது இன்ஜினின் வால்வைத் தள்ளித் திறக்கிற துண்டு. அது தட்டினால் வண்டிக்கு வலி, மனுஷனுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதே மாதிரி டிக் டிக் என்று தட்டுகிற இன்னொன்று உண்டு. புகை வெளியேறுகிற குழாய் இன்ஜினோடு சேருமிடத்தை அடைக்கிற கேஸ்கட் தகடு பிய்ந்திருந்தால், ஒவ்வொரு வெடிப்புக்கும் அந்தச் சந்தில் புகை சீறும். அந்தப் புகை பழைய வண்டியின் ஓட்டைகள் வழியே உள்ளே ஏறும், மூடிய வண்டியென்றால் தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். இரண்டையும் பிரிப்பதற்குக் கிட்டே போய் நிற்க வேண்டும். போன் போதாது.

மூன்று நாள் கழித்து ஒரு ராத்திரி, மழை விடட்டும் என்று சாலையோரம் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சூட்டுக்காக இன்ஜினை ஓடவிட்டு, அண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். காலையில் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

மூடிய வண்டி, ஓடிய இன்ஜின். முதல் நாள் அண்ணிக்கும் அண்ணனுக்கும் சண்டை வேறு. ஊர் தன் கணக்கைப் போட்டுக்கொண்டது: தானாகவே செய்துகொண்டான். வண்டி பட்டறைக்கு வந்ததும் மெக்கானிக் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு பிய்ந்த கேஸ்கட்டைப் பார்த்தான், புதிதாக ஒன்றை மாற்றினான், பழையதைச் சாக்கடையில் போட்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு வருஷமாக ஊர் அண்ணியைப் பார்க்கிற பார்வையை அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"தம்பி, கேக்குதா?" அண்ணி இறங்கினாள். முகம் பாதியாகிவிட்டிருந்தது. "ஒரு வருஷமா எடுக்கவே இல்ல. இன்னிக்குத்தான் எடுத்தேன். அவரு சொன்னாரே, அதே சத்தம்."

"மழைச் சத்தம் அண்ணி."

"இல்ல தம்பி. வண்டியிலதான் ஏதோ கோளாறு. அப்படி இருந்தா, அவரு தானா செஞ்சுக்கல. என்னால இல்ல." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள், மழையா என்னவென்று தெரியவில்லை. "கோளாறு இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்."

ஒரு வார்த்தைதான்.

பானெட்டைத் திறந்தான். பின்பக்கம் கீல் வைத்த பழைய பானெட், தூக்கினால் முன்கண்ணாடி முழுவதையும் மறைத்துக்கொண்டு நிற்கும். சோப்புத் தண்ணீரைக் குழாயின் இணைப்பில் ஊற்றினான். ஒரு குமிழி வரவில்லை, அவன் போட்ட கேஸ்கட் கல் மாதிரி இருந்தது. இன்ஜினை நிறுத்தி மூடியைக் கழற்றி டேப்பட் இடைவெளிகளை ஒவ்வொன்றாக அளந்தான். எல்லாம் சுத்தம். மறுபடி ஓடவிட்டான். டிக், டிக், டிக், டிக்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். முனையை நகர்த்த நகர்த்த எந்தச் சத்தமும் ஓரிடத்தில் ஓங்கும், இன்னோரிடத்தில் தேயும். இது இரண்டும் செய்யவில்லை. தலைப்பகுதியில் ஊன்றினாலும், பம்பில் ஊன்றினாலும், ரேடியேட்டரின் ஓரத்தில் ஊன்றினாலும் ஒரே தூரத்தில் நின்று தட்டியது. சூடான எண்ணெய் வாடையும் நனைந்த இரும்பு வாடையும் மூக்கில் ஏற, அவற்றின் அடியில் லேசாக, மூடிவைத்த அறையின் வாடை ஒன்று வந்தது. இன்ஜினுக்குத் தீப்பொறி தருகிற காயிலின் வயரைப் பிடுங்கினான். இன்ஜின் குலுங்கி நின்றது.

டிக். டிக். டிக்.

பிறகு அதுவும் நின்றது.

"இன்ஜின் நின்னப்புறமும் கேட்டுச்சே" என்றாள் அண்ணி.

"சூடு ஆறும்போது இரும்பு அப்படித்தான் அண்ணி." குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "வண்டி சுத்தமா இருக்கு. கோளாறு எதுவும் இல்ல." ஒரு மூச்சு இழுத்துக்கொண்டான். "அப்பவும் இல்ல."

அவள் அழவில்லை. கிடந்த பழைய டயரின் மேல் மெல்ல உட்கார்ந்தாள், யாரோ தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்த மாதிரி. சீ, நீயும் ஒரு மனுஷனா என்று அவனுக்குள் ஒன்று காறித் துப்பியது. துப்பியதே தவிர வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்தாள். "வெளிய நின்னா சரியாக் கேக்கல தம்பி. அவரு உள்ள உக்காந்துதான கேட்டாரு. கண்ணாடி எல்லாம் ஏத்திட்டு, நீங்க உள்ள ஒரு தடவை உக்காந்து பாருங்க. இந்தக் கம்பிய நான் வச்சிருக்கேன்."

மாட்டேன் என்று சொல்வதற்குக் காரணம் வேண்டும். இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. ஸ்க்ரூடிரைவரை எப்படி ஊன்ற வேண்டும், காதில் எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று அவளுக்குக் காட்டினான். காயில் வயரை மாட்டினான். உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினான். மழை சட்டென்று எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது.

இருக்கை அவன் அளவுக்கு இல்லை. ஸ்டீரிங்கில் ஒரு பக்கம் மட்டும் கைபட்டுத் தேய்ந்து வழவழவென்றிருந்தது. முன்கண்ணாடி நிறைய பானெட்டின் கறுப்பு. அடியில் இரண்டு விரல் அகலச் சந்து, அதன் வழியே அண்ணியின் காதும் கைப்பிடியும் தெரிந்தன. சாவியைத் திருகினான். இன்ஜின் பிடித்து, பூப்போல ஓடியது. கண்ணாடிகள் ஓரத்திலிருந்து மெல்ல வெளுத்தன.

காத்திருந்தான். சத்தம் வரவில்லை.

அப்பாடா என்றிருந்தது. தலை லேசாகக் கனத்தது, ராத்திரி சரியாகத் தூங்காததால் இருக்கும். முதுகு தானாக இருக்கையில் சாய்ந்தது. இதமான சூடு. அண்ணன் இப்படித்தான் சாய்ந்திருப்பான் என்று தோன்றியது. அந்த நினைப்புகூட வலிக்காமல் எங்கோ நழுவிப் போனது.

டிக்.

வலது பக்கம். மிகக் கிட்டே.

டிக். டிக்.

இன்ஜினில் இல்லை. கண்ணாடியில்.

திரும்பினான். கழுத்து மெதுவாகத்தான் திரும்பியது. வெளுத்த கண்ணாடியில் ஒரு விரல். உள்பக்கம். நகத்தால் தட்டிக்கொண்டிருந்தது. ஒரே தாளத்தில். நகத்தில் கறுப்பு கிரீஸ்.

அவன் விரல்.

தட்டுவது அவன் இல்லை.

இழுத்தான். வரவில்லை. இன்னொரு கையைச் சாவிக்கு அனுப்பினான். அது மடியிலேயே கிடந்தது. கத்தினான். உதடு பிரிந்தது, சத்தம் பிரியவில்லை. பக்கத்து இருக்கையின் ஸ்பிரிங் யாரோ வசதியாக அசைந்து உட்கார்ந்ததைப் போல முனகியது. பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

அண்ணி, கேஸ்கட் போயிருந்துச்சு. அண்ணி, நான்தான். வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்தன. ஒன்றும் வெளியே போகவில்லை. விரல் மட்டும் தட்டியது. கண்ணாடி உடைகிற அளவுக்கு அல்ல, கதவு திறக்கிற அளவுக்கு அல்ல. டிக். டிக். டிக்.

சந்து வழியே அண்ணியின் கண் தெரிந்தது. இறுக மூடியிருந்தது. கைப்பிடியைக் காதோடு இன்னும் அழுத்தினாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தில் வெளிச்சம் வந்தது.

"கேக்குது தம்பி!" என்று கத்தினாள். "இப்ப நல்லாக் கேக்குது. நிறுத்திடாதீங்க!"