நிம்மதிமானி

பயணிகள் தரையிறங்கியதும் விடுகிற நிம்மதிப் பெருமூச்சுதான் இப்போது நாச்சியாருக்குச் சம்பளம்.

வரவு செலவுத் திட்டம் நிறைவேறாததால் அரசாங்கம் முடங்கிக் கிடந்தது. அத்தியாவசிய ஊழியர்கள் மட்டும் வேலைக்கு வந்தே ஆகவேண்டும், ஆனால் சம்பளம் தரக் கஜானா திறக்காது. அதற்கு அறிவியல் துறை கண்டுபிடித்த வழிதான் நிம்மதிமானி. எல்லார் மணிக்கட்டிலும் ஒன்று கட்டியிருந்தார்கள். மனம் ‘அப்பாடா’ என்று தளரும்போது அது நாடியை அளந்து, அதற்கேற்ற தொகையை அவர் கணக்கிலிருந்து எடுத்து, நிம்மதி தந்த ஊழியருக்கு அனுப்பிவிடும்.

செங்கடம்பு விமான நிலையக் கோபுரத்தில் நாச்சியாரைப் போல விமானம் இறக்க ஆளில்லை. தூங்குகிற பயணி தூங்கியபடியே தரைக்கு வந்துவிடுவார். அதுதான் வினையாகப் போயிற்று. தூங்குகிறவர் எங்கே ‘அப்பாடா’ என்பார்? முதல் மாதம் தக்காளி வாங்கக்கூடத் தேறவில்லை. வீட்டுக்காரர் வாடகைக்காக அவள் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“உங்களுக்காவது ஏதோ வருது மேடம்,” என்றார் கோபுரத்து லிஃப்டை இயக்கும் சவரிமுத்து. “லிஃப்ட்ல இறங்குறதுக்கு யாரு பெருமூச்சு விடப்போறா?”

“ஒழுங்கா வேலை பாக்குறதுதாண்ணே நம்ம தப்பு.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மறுநாளிலிருந்து விமானங்களை வானத்தில் வட்டமடிக்க வைத்தாள். ஆபத்து ஒன்றுமில்லை, காரணம் மட்டும் சொல்லமாட்டாள். பங்கு கிடைத்ததால் விமானிகளும் வாயைத் திறக்கவில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் விமானமே ‘அப்பாடா’ என்றது. வீட்டுக்காரர் நாற்காலியை மடக்கிக்கொண்டு போனார். இந்தச் சூட்சுமத்தை அவள் சவரிமுத்துவிடம் மட்டும் பெருமையாகச் சொன்னாள்.

கடைசியில் முடக்கத்தை நீக்க வாக்களிக்கப்போகும் நாடாளுமன்ற உறுப்பினர்களின் விமானம் வந்தது. அவர்கள் இறங்கினால் பழைய சம்பளம் திரும்பிவிடும். பூப்போல இறக்கத்தான் நினைத்தாள். ஆனாலும் கை அரித்தது; இதோடு சரி என்று நன்றாகவே சுற்றவிட்டாள். உள்ளே எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் கட்டிப்பிடித்து அழுதார்களாம். அவள் கணக்கு நிரம்பி வழிந்தது.

மாலையில் அவை கூடியது. கண்கள் கலங்க எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள். மக்கள் இவ்வளவு மனமுவந்து கொடுக்கும்போது சம்பளம் எதற்கு? நிம்மதிமானியே இனி நிரந்தரம், எல்லாத் துறைகளுக்கும். செய்தி நாச்சியாருக்கும் எட்டியது. எங்கே போனாலும் இனி யாரோ ஒருவர் தன்னைச் சுற்றவிடுவார் என்பது அவளுக்குப் புரிந்தது.

வீட்டுக்குப் போக லிஃப்டில் ஏறினாள். பாதி வழியில் அது நின்றது. விளக்கும் அணைந்தது.

“என்னாச்சுண்ணே?”

சவரிமுத்து பதில் சொல்லவில்லை. இருட்டில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. சூட்சுமம் அவளுக்குத் தெரியும், அவளே சொல்லிக்கொடுத்ததுதான். ஆனாலும் கை தானாகக் கதவைத் தட்டியது. ஒரு வழியாக லிஃப்ட் அசைந்து, கீழே வந்து, கதவு திறந்தபோது அவளையும் மீறி ‘அப்பாடா’ என்று வந்துவிட்டது.

அவள் மணிக்கட்டு ‘பீப்’ என்றது. சவரிமுத்து தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார்.

“நாளைக்கும் லிஃப்ட்லதானே வருவீங்க மேடம்?” என்று பணிவாகக் கேட்டார்.