ஆறிப்போன காப்பி

சுந்துஸின் வீட்டில் தார்ப்பாய் ஒன்றுதான் இருந்தது. நனையக் கூடாதவையோ இரண்டு இருந்தன.

ஒன்று, அவளுடைய தம்பி கைஸ். ஒன்பது மாதக் குழந்தை, நெஞ்சில் சளி. இன்னொன்று, முற்றத்துச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்த ஆலிவ் பிண்ணாக்குக் கட்டிகள். எண்ணெய் ஆட்டிய பிறகு மிஞ்சும் பிண்ணாக்கை உருட்டிக் காயவைத்தால் கரியைப் போல நின்று எரியும். அஜ்லூன் மலையில் மண்ணெண்ணெய் வாங்க முடியாத வீடுகளிலெல்லாம் கணப்பு அடுப்பு அதை வைத்துத்தான் ஓடும்.

அம்மா வெயில் காலம் முழுக்க உருட்டிய கட்டிகள் அவை. தார்ப்பாய் அவற்றின் மேல்தான் கிடந்தது.

அன்று காலை அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். அப்பா காலில் மாவுக்கட்டோடு மெத்தையில் கிடந்தார். அவர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இரண்டு மாதமாகிறது. மழை வந்தது. சிறிது நேரத்தில் கூரையும் ஒழுக ஆரம்பித்தது. ஒழுகுவதற்கு வேறு இடமே இல்லாதது போலச் சரியாகக் கைஸ் படுத்திருந்த மூலையில் சொட்டியது.

சுந்துஸ் குழந்தையை இந்தப் பக்கம் நகர்த்தினாள். இந்தப் பக்கமும் சொட்டியது.

"அப்பா, தார்ப்பாயை எடுத்துக் கூரைமேல போடட்டுமா?"

"கட்டியெல்லாம் நனைஞ்சிடுமேம்மா."

"மதியத் தொழுகைக்குள்ள மழை விட்டுடும்ப்பா. தம்பிக்கு ஏற்கெனவே இழுக்குது."

அப்பா கைஸைப் பார்த்தார். பிறகு மாவுக்கட்டைப் பார்த்தார். "சரி, பாத்து ஏறு" என்றார்.

சுந்துஸ் கூரையில் ஏறித் தார்ப்பாயை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தாள். இறங்கி வந்து இரண்டு சாக்குக் கட்டிகளை உள்ளே இழுத்துப் போட்டாள். பதினொரு வயதுப் பெண்ணால் அதற்கு மேல் முடியவில்லை.

மழை மதியத் தொழுகைக்குள் விடவில்லை. அன்று விடவில்லை. மறுநாளும் விடவில்லை. மூன்றாம் நாள் வெளுத்தபோது முற்றத்தில் கட்டிகள் இல்லை. கறுப்புச் சேறு ஒரு குவியலாகக் கிடந்தது. மீதி ஓடையோடு போயிருந்தது.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்து அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் சுந்துஸ் கொஞ்சம் அழுதுவிட்டு நிம்மதியாகியிருப்பாள். அம்மா திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"அம்மா, நான்தான்..."

"நீ என்னடி பண்ணுவ? தார்ப்பாய் ரெண்டு இருந்திருந்தா ரெண்டு இடத்துலயும் போட்டிருப்ப."

"இப்ப என்னம்மா பண்றது?"

"தெரியல" என்றாள் அம்மா. அம்மா வாயிலிருந்து அந்தச் சொல்லைச் சுந்துஸ் அதுவரை கேட்டதில்லை.

உள்ளே இழுத்துப் போட்ட இரண்டு சாக்கும் ஒரு வாரத்தில் தீர்ந்தது. பிறகு மேசை அடுப்புக்குள் போயிற்று, அப்பாவின் சாரப் பலகைகள் போயின. அதன் பிறகு கணப்பு அடுப்பும் சுவரைப் போலவே சில்லிட்டுக் கிடந்தது. சுவரில் தண்ணீர் கோத்தது. மெத்தைகள் ஈரநாற்றம் அடித்தன. கைஸ் இரும இரும அவன் உதடு ஊதாவாகிக்கொண்டு வந்தது.

மருத்துவர் அம்மாவிடம் சொல்லியிருந்தார்: "மருந்து நான் தர்றேன். வீட்டைச் சூடா வெச்சுக்கறது உங்க பொறுப்பு. சூட்டை நான் பாட்டில்ல ஊத்தித் தர முடியாதும்மா."

"ஹாஜி இகாபோட எண்ணெய் ஆலையில பிண்ணாக்கு மலை மாதிரி கெடக்குதாம்" என்று அம்மா மெல்லப் பேச்செடுத்தாள்.

"அவன் வாசல்ல நான் போய் நிக்கணுமா?" அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அவன் ஆலைக்கு நான் கட்டின சுவரைக் கோணல்னு ஊரே பாக்கச் சிரிச்ச மனுஷன்! செத்தாலும் போக மாட்டேன்."

அம்மா எழுந்து கைஸுக்கு இன்னொரு போர்வையைப் போர்த்தினாள்.

மறுநாள் பள்ளி விட்டு வரும்போது சுந்துஸ் ஒரு வேடிக்கையைப் பார்த்தாள். ஊரே நனைந்த கோழியைப் போல நடுங்கிக்கொண்டிருக்க, எண்ணெய் ஆலையின் பின்சுவரில் மட்டும் ஐந்து பூனைகள் முதுகைச் சாய்த்துச் சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அவள் சுவரில் கை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஆலையின் கொதிகலன் இரவும் பகலும் எரிகிறது.

கையை எடுக்க மனமில்லாமல் நின்றவள், திடீரென்று திரும்பி ஆலையின் முன்வாசலுக்கு நடந்தாள்.

விருந்தினர் கூடத்தில் ஹாஜி இகாபும் நாலைந்து பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஹாஜி பருத்த மனிதர். குரல் அவரைவிடப் பருத்தது.

"யாரு பொண்ணு நீ?"

"கொத்தனார் ஃபவாஸோட பொண்ணு, ஹாஜி மாமா."

கூடத்தில் ஒரு கனைப்பு எழுந்து அடங்கியது. ஆனால் வாசலுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் விருந்தாளிதான். ஹாஜி தம் கையாலேயே சின்னக் கோப்பையில் கசப்புக் காப்பியை ஊற்றி நீட்டினார்.

சுந்துஸ் வாங்கினாள். குடிக்கவில்லை. கோப்பையைத் தரையில், தனக்கு முன்னால் வைத்தாள்.

கூடத்தில் எல்லோர் பார்வையும் கோப்பைக்குத் திரும்பியது. காப்பியைத் தொடாமல் வைத்தால், "எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும்" என்று பொருள். வீட்டுக்காரர் வாக்குத் தந்தால்தான் விருந்தாளி குடிப்பார். குடிக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்கே தலைகுனிவு. பெண் கேட்க வருகிறவர்களும், பகை தீர்க்க வருகிறவர்களும் செய்கிற காரியம் அது. புத்தகப் பையை மாட்டிக்கொண்டு யாரும் செய்ததில்லை.

ஒரு பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "என்ன ஹாஜி, உங்க பையனை மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கா போல!"

ஹாஜி சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"இதோ பாரும்மா. நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். உங்க முற்றத்துல நடந்ததை ஊரே பாத்துச்சு. ஆனா இந்த வருஷம் ஆலிவ் காய்ப்பே பாதிதான். இருக்கிற பிண்ணாக்கு முழுசையும் அம்மான் நகரத்து வியாபாரிக்குத் தர்றதா நாலு பேர் முன்னாடி வாக்குக் குடுத்துட்டேன். அதை எப்படிம்மா மீற முடியும்?"

அவர் குரல் இறங்கிவிட்டது. கோப்பையிலிருந்து எழுந்துகொண்டிருந்த ஆவியும் நின்றுவிட்டது.

சுந்துஸ் கோப்பையின் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. நிமிர்ந்து சொன்னாள்: "நான் பிண்ணாக்கு கேட்க வரல, மாமா."

"பின்னே?"

"பிண்ணாக்கு எங்ககிட்டயே இருக்கு. சேறா இருக்கு, அவ்வளவுதான். வெளியில வெயிலே இல்ல, காயாது. உங்க கொதிகலன் பக்கத்துல கொஞ்சம் இடம் குடுங்க. நாங்களே கொண்டு வந்து, நாங்களே உருட்டிக் காயவெச்சு எடுத்துட்டுப் போறோம்."

ஹாஜி முன்னால் குனிந்தார். "இடமா? வெறும் இடமா?"

"ஆமா, மாமா. பூனைங்களுக்குக் குடுத்திருக்கீங்களே."

இப்போது எல்லோருமே சிரித்துவிட்டார்கள். ஹாஜி மட்டும் தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆலை இன்னும் பத்து நாள்தான் ஓடும். அதுவரைக்கும் அந்த இடம் உன்னுது. காப்பியைக் குடி, தாயி."

ஆறிப்போன காப்பி வேப்பங்காயாய்க் கசந்தது. ஒரே மடக்கில் விழுங்கினாள். போதும் என்றால் கோப்பையை ஆட்டிக் காட்ட வேண்டும். பெரிய காரியத்தை நினைவு வைத்திருந்தவள் இந்தச் சின்னக் காரியத்தை மறந்துவிட்டாள். அவளுக்கு இன்னும் வேண்டும் போலிருக்கிறது என்று ஹாஜி மறுபடி ஊற்றினார். அதையும் குடித்தாள். மூன்றாவதும் வந்தது.

வாசல்வரை வந்த ஹாஜி சொன்னார்: "உங்கப்பன் கட்டின சுவர் கோணல்தான். ஆனா அந்தப் பூனைங்க சாயறதுக்கு அந்தக் கோணல்தான் தோதா இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லு."

வீட்டில் இதைக் கேட்டதும் அப்பா கொதித்தார். "அவன் வாசல்ல போயி கை நீட்டினியா?"

"கை நீட்டலப்பா. காப்பியைத்தான் குடிக்கல."

அப்பா மாவுக்கட்டின் விளிம்பைச் சுரண்டினார். பிறகு, "கடைசியில குடிச்சியா?" என்றார்.

"மூணு கோப்பை. ஆட்ட மறந்துட்டேன்."

அப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீரும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று சுந்துஸுக்குத் தெரியவில்லை.

அம்மாவும் அவளும் வாளி வாளியாகச் சேற்றை அள்ளித் தள்ளுவண்டியில் கொண்டு போனார்கள். சேறு பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. விரல்கள் வெடித்தன. அப்பா உட்கார்ந்தபடியே பழைய டப்பாக்களுக்கு அடி வெட்டி அச்சு செய்து கொடுத்தார். அதற்கிடையில் கைஸின் இருமல் ஓயவில்லை. ஒரு நாள் அவன் பால் குடிக்கவே மறுத்தான். அன்று அம்மா வண்டியை ஓட்டமாகத் தள்ளினாள்.

ஆறாம் நாள் முதல் கட்டிகள் காய்ந்தன. அம்மா அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கணக்குப் போட்டாள்.

"ஜனவரி முடியற வரைக்கும் வரும்."

"அப்புறம்?"

"அதை அப்ப பாத்துக்கலாம்."

மாலையில் அம்மா கணப்பை மூட்டினாள். முதலில் புகைந்தது, சண்டித்தனம் செய்தது, பிறகு குபுகுபுவென்று பிடித்துக்கொண்டது. சுவரில் கோத்திருந்த தண்ணீர் மெல்ல மறைய ஆரம்பித்தது. எல்லோரும் கைஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் இருமினான். இன்னொரு முறை இருமினான். பிறகு தூங்கிப்போனான். தூக்கத்திலேயே கால்களை உதறி, மேலே கிடந்த மூன்று போர்வைகளையும் ஒவ்வொன்றாக உதைத்துத் தள்ளினான்.

அம்மா அவற்றை எடுத்து மறுபடி போர்த்தவில்லை.