எழுபத்தொன்றாம் தொகுதியின் விரிசல்

காலை எட்டு மணிக்கு வழக்கம்போல் ஒளிமுனையை வால்வின் மேல் இறக்கினேன். கோவையில் எங்கள் இதய மையத்தில், என் மேசையைக் கடக்காமல் எந்தச் செயற்கை வால்வும் ஒருவர் நெஞ்சுக்குள் போகாது.

சாதாரண நுண்ணோக்கிக்கு ஓர் எல்லை உண்டு. ஒளியின் அலைநீளத்தில் பாதியைவிடச் சிறியதை அது குழப்பிவிடும். கையுறை போட்ட விரலால் அரிசியின் கீறலைத் தடவித் தேடுவது போல. அதனால் விளக்கையே சிறிதாக்கினோம். ஊசிமுனையில் சில நானோமீட்டர் அகலமுள்ள ஒரே ஒளிப்புள்ளி. பரப்பை உரசாத குறையாக அதை நகர்த்தினால், ஒளி விரிவதற்குள் அடியில் இருப்பதைத் தொட்டுவிடும். புள்ளி புள்ளியாகப் படம் சேர மூன்று மணி நேரமாகும். பொறுமையற்றவர்கள் பார்க்காமலே கையெழுத்திட்டார்கள்.

அவர்களுக்காகவே கையொப்பச் சட்டம் வந்தது. பரிசோதகருக்கு வால்வு தேவைப்பட்டால், அவர் கையெழுத்திட்ட தொகுதியிலிருந்துதான் கிடைக்கும்.

பதினொரு மணிக்குச் சக்கர நாற்காலியில் மாசிலாமணி வந்தார். வால்வு ஆலையில் எழுபத்தொன்றாம் தொகுதிக்குக் கையெழுத்திட்ட பரிசோதகர்; இப்போது அவருக்கே வால்வு தேவைப்பட்டது.

"ரெஜினா மேடம், அந்தத் தொகுதி வேண்டாங்க. சத்தமில்லாம வேற ஒண்ணு வெச்சிருங்க."

"ஏனுங்க சார், நீங்களே பாத்து பாஸ் பண்ணினதுதானே? தங்கமா இருக்குமே."

"அன்னிக்கு வேலை ஜாஸ்திங்க..."

திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவருக்கென எடுத்துவைத்த வால்வில் விரிசல் வாய்க்கால்போல் ஓடியது.

"முப்பது நானோமீட்டர். உங்க மேசையிலயும் இந்த ஒளிப்புள்ளி இருந்துச்சுங்க. ஊசியை இறக்கத்தான் ஆளில்ல. நான் இந்த மேசைக்கு வர்றதுக்கு முன்னாடி, என் வீட்டுக்காரர் அல்போன்ஸுக்கு வெச்சதும் இதே தொகுதி. அப்புறம் பதினோரு நாள்தான் உசுரோட இருந்தாரு."

அவர் என்னை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

'குறையில்லை' என்று நான் எழுதியிருந்தால் இவருக்கும் பதினொரு நாள்தான். எனக்கு அது போதவில்லை.

"வேற வழியே இல்லீங்களா?"

"இருக்கு. பாக்காம கையெழுத்துப் போட்டேன்னு பதிவுல சொல்லுங்க. புது வால்வு வரும். கூடவே பதினெட்டு வருஷம் ஜெயில்."

"சொல்லாட்டி?"

"ஒண்ணும் கிடைக்காது. உங்க இதயம் ஒரு வாரம் தாங்கும்னாரு டாக்டர்."

அவர் சொன்னார். இரண்டு முறை குரல் உடைந்தது. முதலிலிருந்து மறுபடி சொல்லவைத்தேன்.

புது வால்வு வந்தது. மூன்று மணி நேரம் பார்த்தேன். திருப்பி வைத்து இன்னொரு மூன்று மணி நேரம். ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பதினெட்டு ஆண்டில் ஒரு நாள்கூடக் குறையக் கூடாது.